நிவி விழுந்தபோது நிற்காத நாய்கள்

நாய்களுக்குப் பேச்சு இருந்த காலம் அது. வடக்கே, கடலே உறைந்து தரையாகிப்போகும் ஒரு நாட்டில், ஒரு தீவுக் குழந்தைகள் ஏழு பேருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மருந்து இக்கரையில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் வந்து சேராவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று செய்தி வந்தது.

வண்டியோட்டி நிவி, மருந்துப் பையை நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் இறுக்கிக் கட்டினாள். முன்னால் ஓடும் நாய் கிவாக்கின் காதைப் பிடித்து, "வழியில் எதற்கும் நிற்கக் கூடாது. நான் விழுந்தாலும் சரி" என்றாள்.

"நீ விழுவது புதுசா என்ன? போன வாரம் மீன்மேல் வழுக்கி விழுந்தவள்தானே!" என்றது பின்வரிசை தூகா. மற்ற நாய்கள் சிரித்தன.

கிவாக் சிரிக்கவில்லை. "நிற்க மாட்டேன்" என்றது.

பாதிக் கடலில் பனித்தரை முனகியது. குறுக்கே ஒரு பிளவு ஓடியது. வண்டி துள்ளித் தாண்டிய வேகத்தில் நிவியின் பிடி நழுவியது. ஒரு கால் தண்ணீருக்குள் போய்விட்டது.

"கிவாக்! நில்லு! என்னை விட்டுட்டுப் போகாதே!"

அத்தனை காதுகளும் பின்னால் மடங்கின. ஓட்டம் தடுமாறியது.

"கூப்பிடுகிறாளே, கேட்கலையா?" தூகாவின் குரலில் இப்போது கேலி இல்லை.

"கேட்குது. ஓடு."

கிவாக் வாரை இழுத்த இழுப்பில் மற்றவையும் ஓடின. கூப்பாடு சிறுத்துச் சிறுத்து, இல்லாமல் போனது. அது இல்லாமல் போனதுதான் கிவாக்குக்கு இன்னும் பயமாக இருந்தது.

சூரியன் வான விளிம்பைத் தொடும்போது தீவு வந்தது. மருந்துப் பை கைமாறிய அடுத்த கணம், "நிவி பனியில் கிடக்கிறாள், வாருங்கள்!" என்று கிவாக் வண்டியைத் திருப்பியது.

அவள் உயிரோடுதான் இருந்தாள். நனைந்த கால் கட்டையாகியிருந்தது. வந்தவர்கள் தோல்போர்வையை விரிக்கும் நேரத்தில் கிவாக்கை அருகே இழுத்தாள்.

"பிள்ளைகள்?"

"மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது."

"நான் கூப்பிட்டது... கேட்டதா?"

"கேட்டது."

நிவி அதன் கழுத்து மயிரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "நான் நிற்கச் சொன்னதை யாரிடமும் சொல்லிவிடாதே."

தீவே கூடி நின்று கேட்டது: "விழுந்ததும் நிவி என்ன சொன்னாள்?" கிவாக் வாய் திறக்கவில்லை. தூகாவுக்குத்தான் நாக்கு நிற்காது. ஆனால் கிவாக் பார்த்த பார்வையில், வெளியே வந்த சொல் வெறும் குரைப்பாகிவிட்டது. ஒரு சொல்லை வெளியே விட்டால் அந்த ரகசியமும் வந்துவிடுமோ என்று நாய்கள் பேச்சையே விட்டுவிட்டன.

அன்றிலிருந்துதான், வண்டியோட்டி விழுந்தாலும் பனிநாய்கள் நிற்பதில்லை. ஏன் என்று கேட்டால் முகத்தைத்தான் பார்க்கும், சொல்லாது.