அஞ்சலி பேனரில் பெரிய படம்

தெருக்கூட்டும் பேச்சியம்மாள் இறந்துபோனாள். அஞ்சலி பேனர் அடிக்க மகன் சுடலைமணி அழுத கண்ணோடு கடைக்கு வந்தான். கூடவே கவுன்சிலரும் வந்துவிட்டார்.

“என் படமும் பேரும்தான் பெருசா இருக்கணும். அந்தம்மா ஓரமா இருந்தாப் போதும்.”

கவுன்சிலரை யார் எதிர்த்துப் பேசுவது?

கணினியில் வேலை பார்க்கும் ஜெபசீலி சொன்னபடியே செய்தாள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற எழுத்துக்குக் கீழே கவுன்சிலர் கைகூப்பிச் சிரித்தார்.

“அண்ணாச்சி, மறைவு தேதி இன்னைக்கே போட்டுரட்டுமா?”

“யாருக்கு?”

“பெரிய படத்துக்குக் கீழதானே போடுவோம்? அதைப் பார்த்துத்தான் சனங்க மாலை வாங்குவாங்க.”

கவுன்சிலர் முகம் வெளிறியது. “என்னை மொத்தமா எடுத்துரு, தாயி!” என்று செருப்பைத் தேடினார்.

ஜெபசீலி பேச்சியம்மாளின் பெயரைத் திரையின் அகலத்துக்கும் இழுத்துவிட்டாள். சுடலைமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“இருந்தவரைக்கும் அவ பேரை ஒருத்தரும் கேட்டதில்லக்கா.”