ரசத்தின் மூன்றாவது பாடம்

“சாமி, இவளுக்கு யாரோ செய்வினை வச்சிட்டாங்க. எடுத்து விடுங்க.”

தாணு ஆசாரி மனைவியின் முழங்கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். உலகம்மை தள்ளிய இடத்திலேயே நின்றாள்.

மாசானம் வைத்தியர் ஆசாரியைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஆசாரி அவரிடம்தான் ரசம் படித்தார். ரசம் என்றால் மிளகு ரசம் இல்லை, பாதரசம்.

“என்ன செய்யுது தாயி?” என்று வைத்தியர் கேட்டார்.

அவள் வாய் திறக்கவில்லை. கையை முந்தானைக்குள் மறைத்தாள். முந்தானையும் சேர்ந்து நடுங்கியது.

“அவளைக் கேட்டா? நான் சொல்லுதேன். கை நடுங்குது. ஈறு வீங்கிப் பல்லு ஆடுது. பக்கத்து வீட்டுக்காரி வந்தா அறைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிடுதா. சோத்துல உப்பு இல்லைன்னு சொன்னதுக்குச் சட்டியைத் தூக்கி எறிஞ்சா. கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாதவ சாமி!”

“தொழில் எப்படிப் போவுது?”

“தொழிலுக்கென்ன, ஓஹோன்னு போவுது. ஊரு ஊருக்குக் கலசம்.”

அதில் பொய்யில்லை. பாதரசத்தில் பொன்னைக் கரைத்து, செப்புக் கலசத்தில் பூசி, தீயில் காட்டினால் பாதரசம் ஆவியாகிப் போய்விடும். பொன் மட்டும் ஒட்டிக்கொள்ளும். காற்று பட்டால் பொன் திட்டுத் திட்டாகப் பிடிக்குமாம். அதனால் அந்த வேலை அவர் வீட்டு அடுக்களையில், சன்னலைச் சாத்திக்கொண்டுதான் நடக்கும்.

“ரசமா இருக்குமோன்னு நினைச்சுப் பார்த்தீரா?”

ஆசாரி சிரித்தார். “என்ன சாமி விளையாடுதீங்க? முதல் பாடமே நீங்க எனக்கு ஒரு சொட்டு விழுங்கக் கொடுத்ததுதானே? போன மாதிரியே வெளிய வந்துச்சே. எனக்கு ஒரு தும்மல்கூட வரலையே! இவ அதை விரலால தொட்டதுகூட இல்லை.”

“ரெண்டாவது பாடம்?”

“வீரம். பாதரசம் வெள்ளை உப்பா மாறினது. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடலை அரிச்சு, சிறுநீரைக் கட்டிப்போட்டு, ஆளை முடிச்சிரும். அதை நான் வீட்டுப் பக்கமே கொண்டு போறதில்லை.”

“மூணாவது?”

ஆசாரி தலையைச் சொறிந்தார். “அதுக்குள்ள ஒரு கோபுர வேலை வந்திருச்சு. அவசரம்னாங்க. உங்ககிட்டச் சொல்லாமக்கூடப் போயிட்டேன்.”

பாதிப் பாடத்தோடு ஓடிப்போய் முழு ஆசாரியாக உட்கார்ந்துகொண்ட மனுஷன். வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை.

“செய்வினையை எடுக்க முடியுமா, முடியாதா? அதைச் சொல்லுங்க சாமி. முடியாதுன்னா நாளைக்கே பேய் ஓட்டுற கோயில்ல கொண்டு போய் விட்டிருவேன். அங்க சங்கிலி போட்டுப் பார்த்துக்கிடுவாங்க.”

சங்கிலி என்றதும் உலகம்மை அழ ஆரம்பித்தாள். சத்தமே இல்லாமல் அழுதாள். பாவி, அதைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

வைத்தியர் எழுந்து போய், மூடி போட்ட ஒரு மண்சட்டியைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தார். விறகைச் செருகிப் பற்ற வைத்தார். சன்னலைச் சாத்தினார்.

“எடுத்திரலாம். இதுல ரசம் இருக்கு. சூடேறி ஆவி வரணும். உட்கார்ந்து ஊதும்வே.”

“யாரு, நானா?”

“பின்ன நானா? உம்ம பெண்டாட்டிக்குத்தானே வைத்தியம்?”

ஆசாரி ஊதுகுழலை எடுத்தார். ஊதினார். சட்டியையே பார்த்துக்கொண்டு ஊதினார்.

மூடியின் ஓரமாக ஆவி கசிந்தது.

ஆசாரி குழலைப் போட்டுவிட்டுத் துண்டால் மூக்கைப் பொத்தினார். மனைவியை இடித்துத் தள்ளிவிட்டு வாசலுக்கு ஓடினார். முற்றத்தையும் தாண்டி, வேப்பமரத்தடியில் போய்த்தான் நின்றார்.

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். கீழே கிடந்த குழலை எடுத்து வாயில் வைத்தாள். கை நடுக்கத்தில் அது பல்லில் இடித்தது.

“ஐயோ, விடு தாயி!”

வைத்தியர் பதறிப்போய்க் குழலைப் பிடுங்கினார். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே வெறும் தண்ணீர்.

அப்புறம் வாசலுக்கு வந்து கத்தினார்.

“ஓய் ஆசாரி! ரசத்தோட ஆவி மூக்கு வழியா ஏறி மூளையில போய் உட்கார்ந்துக்கிடும். கை நடுங்கும், பல்லு ஆடும், புத்தி பேதலிக்கும். அதுதான் மூணாவது பாடம். நான் அதை உமக்குச் சொல்லவே இல்லையே. யாருவே சொன்னா?”

வேப்பமரத்தடியில் இருந்து பதில் வரவில்லை.

உள்ளே இருந்து வந்தது. அன்றைக்கு உலகம்மை வாய் திறந்தது அப்போதுதான்.

“அவுகளைத் திட்டாதீங்க சாமி. அவுகளுக்கு அந்தப் புகை ஆகாது. கொஞ்ச நேரம் நின்னாலே தலைவலி வந்திரும். அதான் எப்பவும் நானே ஊதிருவேன்.”