காத்தாயியின் தளர்ந்த பிடி

உடம்புக்குள் இருப்பவர்களும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு மனிதனுடைய இரத்தத்தில் காத்தாயி என்ற புரதம் காவல் இருந்தாள். இரண்டு கை, ஒரு வால், அவ்வளவுதான் அவள். அவளுடைய கூட்டாளி இருளப்பன் ஒரு வெள்ளை அணு. பெரிய வயிறு, கண் மட்டும் கிடையாது. காத்தாயி கிருமியைக் கைகளால் அமுக்கிப் பிடித்து, வாலை அவனிடம் நீட்டுவாள். வால் பட்டதும் அவன் வாயைத் திறப்பான். அவன் வயிற்று நெருப்பு மூண்டு கிருமியை எரிக்கும்வரை அவள் பிடியை விடமாட்டாள்.

டெங்குக் கிருமிகள் நான்கு பேர், அண்ணன் தம்பிகள். மூத்தவன் கொசு ஏறி வந்து அந்த மனிதனை ஒரு வாரம் காய்ச்சலில் ஆட்டி வைத்தான். காத்தாயி கடைசியில் அவனை மடக்கிவிட்டாள். அவன் உடம்புவாகுக்கு ஏற்றபடி அவள் விரல்களே வளைந்துபோயின. அதற்குப் பிறகு அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறு மழைக்காலத்தில் தம்பிகளில் ஒருவன் வந்தான். அதே முகவெட்டு, தோள் மட்டும் கொஞ்சம் ஒடுக்கம். காத்தாயி பாய்ந்து பிடித்தாள். விரலுக்கும் தோளுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வாலை நீட்டினாள்.

"பிடி இறுக்கமா இருக்கா தாயி?" என்றான் இருளப்பன்.

"இவன் அண்ணனையே அமுக்கினவ நான். என்கிட்டயே கேக்குறியா? வாயைத் தொற."

"நீ சொன்னா சரிதான்."

தம்பி தானாக வந்து தட்டியிருந்தால் அந்த வாசல் லேசில் திறந்திருக்காது. உள்ளே போனவன், நெருப்பு மூள்வதற்குள் அவள் கையிலிருந்து நழுவி ஓடி ஒளிந்துகொண்டான். அங்கேயே பெருகவும் தொடங்கிவிட்டான்.

"தாயி, உள்ள என்னமோ ஊருது," என்றான் இருளப்பன். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"துப்பிடு இருளப்பா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன், துப்பிடு."

"எனக்குத் துப்பத் தெரியாதே. நீ குடுத்தத முழுங்கத்தான தெரியும்."

கொஞ்ச நேரத்தில் அவன் வயிறு வெடித்தது. கூட்டம் கூட்டமாகத் தம்பியின் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மனிதன் ஆஸ்பத்திரியில் கிடந்து ஒருவழியாகப் பிழைத்துக்கொண்டான். இருளப்பன் பிழைக்கவில்லை.

காத்தாயி விரல்களை நிமிர்த்தப் பார்த்தாள். நிமிரவில்லை. மூத்தவன் வந்தால் இன்றைக்கும் அவளிடம் தப்ப முடியாது. தம்பிகள் வந்தால் அவள் கை அவளைக் கேட்காமலே போய்ப் பிடிக்கிறது, ஏதோ ஒரு இருளப்பன் அவளை நம்பி வாயைத் திறக்கிறான். ஒருமுறை டெங்கு வந்து போனவர்களில் சிலரை, மறுமுறை வேறொரு தம்பி வரும்போது காய்ச்சல் அத்தனை மூர்க்கமாகப் படுத்துவது அன்றைக்குத் தொடங்கியதுதான்.