தலைவன் வயிற்றில் கேட்ட குரல்

மலையடிவாரத்து ஏரிக்கரையில் ஒரு குதிரைக் கூட்டம் மேய்ந்து வந்தது. அந்தக் கூட்டத்துக்கு ஒரே ஒரு கட்டுப்பாடுதான். எல்லாரும் கிழக்கு மூலையில் மட்டுமே லத்தி போட வேண்டும். அங்கே முளைக்கும் புல்லில் யாரும் வாய் வைக்கக் கூடாது.

கூட்டத்தின் தலைவன் வெண்காலன். கட்டுப்பாட்டில் அவன் மகா கண்டிப்பு. எந்தக் குட்டியாவது அந்தப் பக்கம் மூக்கை நீட்டினால் பிடரியில் ஒரு கடி கடித்துத் துரத்துவான்.

அந்த வருஷம் மழை பெய்யவில்லை. ஏரிக்கரைப் புல் எல்லாம் கருகிவிட்டது. கிழக்கு மூலையில் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. எரு விழுந்த இடம் அல்லவா?

காவலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெண்காலன் அங்கே போனான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு வாய் கடித்தான். அப்புறம் தினமும் அவனுக்கு அங்கேதான் காவல்!

புல் நுனியில் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. புல்லோடு அவையும் உள்ளே போயின. குடலில் சொகுசாக வளர்ந்து பெருகின. அவற்றில் மூத்த புழு ஒரு தந்திரக்காரப் புழு. கடித்து வைத்தால் இவன் உஷாராகிவிடுவான், அதனால் பசி பசி என்று மட்டும் கத்துங்கள் என்று மற்றவற்றுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அந்தக் கத்தலை வெண்காலன் தன் பசி என்றே நினைத்தான். இன்னும் தின்றான். வயிறு பானை மாதிரி உப்பியது. பஞ்சத்திலும் நம் தலைவர் எவ்வளவு செழிப்பு என்று கூட்டம் வாயைப் பிளந்தது. அவன் விலா எலும்பு துருத்தியதை ஒருவரும் பார்க்கவில்லை.

ஒரு நாள் உச்சி வெயிலில் வெண்காலன் பொத்தென்று விழுந்தான். புரண்டான். காலை உதைத்துக்கொண்டான். தன் வயிற்றையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அவனுடைய அக்கா செம்பி ஓடி வந்தாள். வலி வாயுவால் வந்தது என்றால் நடக்க வைத்தால் போதும். புழுவால் வந்தது என்றால் மலையுச்சியில் இருக்கும் கசப்புச் செடியைத் தின்ன வேண்டும். ஆனால் புழு இல்லாத வயிற்றில் அந்தச் செடி விஷம். அதனால் உண்மை தெரியாமல் அதைக் கொடுக்க முடியாது.

"தம்பி, மறைக்காம சொல்லு. கிழக்கு மூலைப் புல்லைத் தின்னியா?" என்று கேட்டாள் செம்பி.

கூட்டம் முழுவதும் சுற்றி நின்றது. அவனிடம் கடி வாங்கிய குட்டிகளும் நின்றன.

"நானா? அந்த அசிங்கத்தையா?" என்றான் வெண்காலன்.

செம்பி நம்பிவிட்டாள். வாயுப் பிடிப்புதான் என்று அவனை எழுப்பி நடக்க வைத்தாள். அவன் வேர்க்க விறுவிறுக்க நடந்தான்; கூட்டமும் பின்னாலேயே வந்தது. வலி குறையாததால் வழியில் எத்தனையோ தடவை திரும்பவும் கேட்டுப் பார்த்தாள். அவன் இல்லை என்றே சாதித்தான். கடைசியில் கால் மடங்கி விழுந்தான்.

"ஐயோ, யாரோ என்னை உள்ளேயிருந்து திங்கிறாங்க!" என்று கதறினான்.

"நாங்கதான்" என்றது அவன் வயிறு. "கிழக்கு மூலையிலேர்ந்து தினமும் நீதானே எங்களைக் கூட்டிட்டு வந்தே?"

கூட்டம் அப்படியே உறைந்துபோனது. குட்டிகள் தாய்மார் பின்னால் ஒளிந்தன.

"அடப்பாவி, அத்தனை தடவை கேட்டேனேடா!" என்று அலறினாள் செம்பி.

வெண்காலன் தலையைத் தூக்கக்கூட முடியாமல் கிடந்தான்.

"குட்டிங்கல்லாம் பார்த்துட்டு நின்னுச்சே அக்கா" என்றான்.

செம்பி மலையை நோக்கிப் பாய்ந்தாள். கல்லிலும் முள்ளிலும் விழுந்தடித்து ஏறி, வாய் நிறையச் செடியோடு இறங்கி வந்தாள். அவன் வாயருகே அதை வைத்தாள். அந்த வாய் திறக்கவில்லை. கண் மட்டும் திறந்தபடி இருந்தது.

செய்த தப்பு ஒருவனைக் கொல்வதற்கு முன்பே, வெட்கப்பட்டு அதை மறைப்பது அவனைக் கொன்றுவிடும்.