கயிற்றில் வந்த கஞ்சி

ஒரு விடுகதை போடுகிறேன், கேளுங்கள்.

பக்கத்திலேயே வள்ளம் வரும், ஏறக்கூடாது. வள்ளத்தில் வேண்டியவர்கள் இருப்பார்கள், தொடக்கூடாது. பசித்தால் கஞ்சி வரும். கிண்ணத்தில் வராது, கயிற்றில் வரும். அவள் யார்?

மீன் என்பீர்கள். மீனுக்கு யார் கஞ்சி ஊற்றுகிறார்கள்? கடல்கன்னி என்றாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நெடுந்தூர நீச்சல்காரி என்பதுதான் விடை. புறப்பட்ட கரையை விட்டால் போய்ச் சேரும் வரை அவள் வள்ளத்தைத் தொடக்கூடாது. தொட்டால் நீச்சல் முடிந்தது. அரைமணிக்கு ஒரு தடவை கஞ்சிப் புட்டியைக் கயிற்றில் கட்டி வீசுவார்கள். மல்லாந்து மிதந்தபடியே குடித்துவிட்டுப் புட்டியை விட்டுவிட வேண்டும்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் ரெக்ஸலின் என்று அப்படி ஒரு நீச்சல்காரி இருந்தாள். ஒரு முறை எட்டு மணி நேரம் விடாமல் நீந்தியிருக்கிறாள். பதினைந்து புட்டி கஞ்சி குடித்தாள் என்று ஊரில் இன்றும் கேலி பேசுவார்கள்.

அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் மெஹருன்னிசா. ரெக்ஸலினைவிட மூன்று வயது இளையவள். இருந்தாலும் அவளிடம் கடலைப் படித்தவர்கள் எல்லாருக்கும் அவள் மாஸ்டர். ரெக்ஸலின் அவளை மாஸ்டர் என்பாள். மாஸ்டர் ரெக்ஸலினை அக்கா என்பாள். இரண்டு பேருக்கும் இதில் ஒரு வருத்தமும் இல்லை.

ரெக்ஸலினுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆக்னஸ் என்று பெயர் வைத்தார்கள். டாக்டரம்மா சம்மதம் சொன்ன பிறகு, குழந்தைக்கு நான்காம் மாதம் நடக்கும்போது ரெக்ஸலின் மறுபடி தண்ணீரில் இறங்கினாள். கைகள் யாரோ இரவல் கொடுத்தவை போலிருந்தன. வயிறு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. போகப் போகச் சரியாயிற்று.

சரியாகாதது ஒன்றுதான். ஆக்னஸ் பாலாடையில் பால் குடிக்க மாட்டாள். மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தைக் கண்டாலே உதட்டைப் பூட்டிக்கொள்வாள். பிழிந்து வைத்த பாலை யார் ஊட்டினாலும் அது சட்டைக்குத்தான் போனது. அம்மாதான் வர வேண்டும்.

ஆகவே ரெக்ஸலினின் கணவன் டெல்வின் தினமும் விடிந்ததும் குழந்தையோடு கரையில் நிற்பான். அவள் கரையோரமாக நீந்துவாள். குழந்தை அழுதால் மஞ்சள் துண்டை ஆட்டுவான். அவள் கரையேறுவாள். ஈரத்தோடு மணலில் உட்கார்ந்து பால் கொடுப்பாள். ஆக்னஸ் முதலில் உப்பை நக்கி முகம் சுளிப்பாள், பிறகு குடிப்பாள். அந்தச் சுளிப்பைப் பார்க்க ரெக்ஸலினுக்கு மிகவும் பிடிக்கும். அவசரமே பட மாட்டாள்.

குழந்தை குடித்து முடித்ததும் கைக்கடிகாரத்தை அழுத்திப் பூஜ்யமாக்குவாள். மறுபடி இறங்குவாள். ஒரு காலையில் இப்படி மூன்று தடவை. அன்றைக்கு எந்தத் தடவை அதிக நேரம் நீந்தினாளோ அதை மட்டும் நோட்டில் எழுதுவாள். முப்பத்தைந்து நிமிடம். நாற்பத்தைந்து. ஐம்பது. ஐம்பத்தொன்று என்று ஒரு நாளும் எழுதியதில்லை.

மாசி மாதம் கடல் அடங்கியிருக்கும். அப்போது மாஸ்டரின் மாணவர்கள் நண்டுத் தீவு வரை நீந்திப் போய்த் திரும்புவார்கள். நாலு மணி நேர நீச்சல். பெயர் கொடுப்பவர்கள் அதற்கு முன் ஏதாவது ஒரு காலையில் இரண்டு மணி நேரமாவது நீந்தியிருக்க வேண்டும். மாஸ்டரின் சட்டம் அது. ரெக்ஸலின் கர்ப்பமாக இருந்தபோதே, அடுத்த மாசிக்கு என்று பெயர் கொடுத்து வைத்திருந்தாள். பட்டியலை முடிக்க ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். மாஸ்டர் வள்ளத்தின் அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"என் பேரை அடிச்சிருங்க மாஸ்டர்."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் புரட்டினாள். கரையேறின பிறகு என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மறுபடி இறங்குவேன், முதலிலிருந்து, என்றாள் ரெக்ஸலின். மாஸ்டர் இன்னும் இரண்டு பக்கம் புரட்டினாள்.

"அம்பது நிமிஷத்தைத் தாண்ட முடியலை. நான் எப்பதான் மாஸ்டர் முழுசா நீந்துவேன்?"

மாஸ்டர் நோட்டை மூடிக் கொடுத்தாள். நாளைக் காலையில் வள்ளத்துக்கு வரச் சொன்னாள். டெல்வின் அண்ணனையும் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றாள்.

"ரெண்டு பேரையும் வள்ளத்துல ஏத்தினா நான் நீந்தவா, அவங்களைப் பார்க்கவா? பெத்தவளுக்குத்தான் தெரியும் மாஸ்டர்."

"ஆமாக்கா. எனக்கு அது தெரியாது. வள்ளம் தள்ளத்தான் தெரியும்," என்றாள் மாஸ்டர். சிப்பியைச் சுரண்டப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை, அலையைத் தடுக்கக் கல் கொட்டிய தூண்டில் வளைவுக்குள் தண்ணீர் குளம் போலக் கிடந்தது. மாஸ்டர் துடுப்புப் போட்டாள். டெல்வின் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்தான். ஆக்னஸுக்கு ஒரு குட்டி மிதவைச் சட்டை போட்டு, ரெக்ஸலினின் பழைய சேலையால் அவன் நெஞ்சோடு கட்டியிருந்தார்கள்.

டெல்வின் கடற்கரையில் பிறந்தவன்தான். ஆனால் வள்ளத்தில் கால் வைத்தால் தலை சுற்றும். கைப்பேசிக் கடை வைத்துப் பிழைப்பதே அதனால்தான் என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான்.

பையில் பிழிந்த பாலும் பாலாடையும் இருந்தன. கொண்டுவரச் சொன்னது மாஸ்டர். யாருக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

ரெக்ஸலின் கடிகாரத்தை அழுத்திவிட்டு நீந்தத் தொடங்கினாள். தூண்டில் வளைவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, அங்கிருந்து திரும்பி இங்கே. மூச்சுக்குத் தலையைத் திருப்பும் போதெல்லாம் வள்ளத்தின் நீலப் பலகை தெரிந்தது. அதற்கு மேலே குழந்தையின் தொப்பி தெரிந்தது. தொப்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நீந்தினாள். கொஞ்ச நேரத்தில் கைகள் தம் பாட்டுக்குப் போயின.

அரைமணி ஆனதும் மாஸ்டர் விசில் ஊதினாள். புட்டி கயிற்றோடு பறந்து வந்து தண்ணீரில் விழுந்தது. வெதுவெதுப்பான உப்புக் கஞ்சி. ரெக்ஸலின் மல்லாந்து மிதந்து குடித்தாள். குடிக்கிற நேரத்தில் மெல்லிய நீரோட்டம் அவளை வள்ளத்தின் நீளத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. நெடுந்தூரம் நீந்துகிறவர்கள் யாரும் கவனிப்பதில்லை. புட்டியை விட்டாள். கை வீசினாள்.

ஆக்னஸ் அவ்வளவையும் பார்த்துக்கொண்டிருந்தாள். புட்டி பறந்ததையும் பார்த்தாள், அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியதையும் பார்த்தாள். மாஸ்டர் கயிற்றைச் சுருட்டும்போது அதன் நுனி எங்கே போகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.

நாற்பத்தெட்டாம் நிமிடம் அவள் அழ ஆரம்பித்தாள்.

டெல்வின் கண்ணைத் திறந்தான். தட்டிக்கொடுத்தான். பாட்டுப் பாடினான். தலை சுற்றலில் பாட்டு பாதியில் நின்றது. அழுகை வலுத்தது. தண்ணீருக்குள் இருந்தாலும் அந்தச் சத்தம் ரெக்ஸலினுக்குக் கேட்டுவிடும். மார்பு கனத்தது. நீச்சலை நிறுத்தி வள்ளத்தின் பக்கம் வந்தாள். கால்கள் மட்டும் தண்ணீரை மிதித்துக்கொண்டிருந்தன. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"பாத்தீங்களா மாஸ்டர்? இன்னிக்கு அம்பதுகூட ஆகலை."

சொல்லிக்கொண்டே வலது கை விரலைக் கடிகாரத்தின் மேல் வைத்தாள்.

"அதை ஏன்க்கா அழிக்கிறீங்க?" என்றாள் மாஸ்டர்.

"நின்னுட்டேனே."

"கஞ்சிக்கும் நின்னீங்க. அப்ப அழிக்கலையே."

ரெக்ஸலினுக்கு எரிச்சலாக வந்தது. ஒன்றும் தெரியாதவள் போல் கேட்கிறாளே என்றிருந்தது.

"கஞ்சிக்கு யாராச்சும் அழிப்பாங்களா? அதுவும் நீச்சல்தானே. எட்டு மணி நேரத்துல பதினஞ்சு தடவை நின்னேன். எல்லாத்தையும் சேர்த்துத்தானே எட்டு மணி நேரம்னு எழுதினீங்க?"

"ஆமா. நான்தான் எழுதினேன்."

"அது எனக்குப் பசிச்சதுக்கு நின்னது மாஸ்டர். இது இவளுக்குப் பசிக்குது."

மாஸ்டர் துடுப்பை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டாள். வள்ளம் மெல்ல ஆடியது.

"யாருக்குப் பசிச்சா நேரம் ஓடணும், யாருக்குப் பசிச்சா நிக்கணும்னு நான் சட்டம் எதுவும் போடலையேக்கா."

ரெக்ஸலின் விரலைக் கடிகாரத்திலிருந்து எடுத்தாள். அதில் நாற்பத்தொன்பது போய் ஐம்பது வந்தது. ஐம்பத்தொன்று வந்தது.

பிறகு, தொட்டால் நீச்சல் முடிந்துவிடும் என்று தெரிந்தும், வள்ளத்தில் ஏறிப் பால் கொடுக்கலாம் என்று கையை நீட்டினாள். விரல் இன்னும் பலகையில் படவில்லை.

அதற்குள் டெல்வின் வேறு வழி தெரியாமல் பாலாடையில் பாலை ஊற்றியிருந்தான். வள்ளம் ஆடியதில் பாதி சிந்திவிட்டது. மீதியைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனான்.

ஆக்னஸ் அழுகையை நிறுத்தினாள். தண்ணீரில் மிதக்கும் அம்மாவைப் பார்த்தாள். பாலாடையைப் பார்த்தாள். மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

பாலாடைக்கு வாயைத் திறந்தாள்.