கடலைப் பார்க்காதவள்

அநியாயம் நடந்தது சாத்திக்கு. நடந்த இடம் நெடுங்காவூர் மன்றம். பட்டப்பகல், ஊரே கூடியிருந்தது.

அன்று காலையில் இளந்தத்தன் என்ற மாணவன் எழுந்து, "ஒரு துளி உப்பாக இருந்தால் முழுக் கடலும் உப்பு என்று அறிகிறோம், அதுபோல..." என்று ஆரம்பித்துத் தன் வாதத்தைச் சொல்லி முடித்தான். ஆகா என்றார்கள். தோளில் பட்டுப் போர்த்தினார்கள். ஊர் எல்லைக் கல்லைத் தாண்டிப் போகாத பிள்ளை அவன். கடல் இருக்கட்டும், ஏரியில் முழங்கால் வரை இறங்கவே பயப்படுவான்.

மதியம் சாத்தி எழுந்தாள். ஊருக்கு மேற்கே வெண்குன்றின் குகையில் பெண்துறவிகள் நடத்தும் பள்ளியிலிருந்து வந்தவள். அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவளும் அவள்தான். அவளும், "ஒரு துளி உப்பாக இருந்தால்..." என்றுதான் ஆரம்பித்தாள்.

"நில்," என்றார் கண்ணந்தையார். ஊரில் தருக்கம் கற்பிக்கும் பெரிய ஆசிரியர் அவர். காலையில் பேசிய பையன் அவருடைய மாணவன். "கடலைப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை."

"வாயில் வைத்துப் பார்த்திருக்கிறாயா?"

"இல்லை, ஐயா. ஆனால்..."

"உன் குரத்தியாவது பார்த்திருக்கிறாரா?"

குரத்தி என்றால் பெண் குரு. சாத்திக்கு அது தெரியவில்லை. ஒருநாளும் கேட்டதில்லை. அவள் தயங்கிய அந்த ஒரு நொடி அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"கடல் உப்பு என்று நீ சொல்வது உண்மைதான், பெண்ணே. ஆனால் அது உனக்குத் தெரியாது. கேட்டதைச் சொல்கிறாய். கிளியும்தான் சொல்லும்."

மன்றம் சிரித்தது. இளந்தத்தனும் சிரித்தான், புதுப் பட்டு தோளிலிருந்து நழுவ நழுவ.

அதோடு விட்டார்களா? தெரியாதவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரலாமா என்று கேட்டார் கண்ணந்தையார். கூடாது என்றது கூட்டம். ஊர்த்தலைவர் காடன் நம்பி தீர்ப்புச் சொன்னார்: ஆவணிப் பௌர்ணமிக்குள் சாத்தி தனக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் பள்ளியை மூடிவிட்டுப் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட வேண்டும்.

"நாளை மழைக்காலம் பிறக்கிறது, இனி நீங்கள் இறங்க மாட்டீர்கள். நாங்களே ஏறி வருகிறோம்," என்றார் கண்ணந்தையார், பெரிய மனது பண்ணி.

அந்தப் பெரிய மனதில்தான் கண்ணி இருந்தது. புதிதாக முளைத்த புல்லும் பூச்சியும் காலில் மிதிபடும் என்று, மழைக்காலம் முழுவதும் வெண்குன்றத்துப் பெண்கள் மலையை விட்டு இறங்குவதில்லை. இறங்கினால் நோன்பு கெட்டது. இறங்காவிட்டால் கடல் இல்லை.

சாத்தி மலையேறி வந்தபோது குரத்தி குகை வாசலில் உட்கார்ந்து, நடக்கும் வழியில் பூச்சிகளை மெல்ல ஒதுக்குவதற்கான மயிற்பீலிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். நாகநங்கை என்பது அவர் பெயர். சாத்தியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவள் அவரை அம்மை என்றுதான் அழைப்பாள்.

நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். குரத்தி பீலி கட்டுவதை நிறுத்தவில்லை.

"அவன் சொன்னால் வாதம், நான் சொன்னால் கிளிப்பேச்சா, அம்மை?"

"அநியாயம்தான்."

"கடல் உப்புதானே?"

"உப்புதான்."

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?"

"இல்லை."

"உங்களுக்கு யார் சொன்னார்கள்?"

"என் குரு."

"அவர் பார்த்தாரா?"

"அவருக்குக் கண் தெரியாது."

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாத்தி பாறையில் உட்கார்ந்தாள். குகைக்குள் பாடம் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

"யாராவது ஒருத்தர் பார்த்திருக்க வேண்டுமே!"

"யாரோ ஒருத்தி காலை நனைத்திருப்பாள்," என்றார் குரத்தி.

"யார் அவள்?"

"பெயர் வந்து சேரவில்லை."

"உப்பு வணிகர்களிடம் சொல்லி ஒரு சுரைக்குடுக்கையில் கடல் தண்ணீர் வரவழைத்தால்?" என்றாள் சாத்தி.

"வரவழைத்து?"

"நாக்கில் வைத்து..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். பள்ளியில் சேர்ந்த அன்றே உப்பை விட்டவள் அவள்.

"நோன்பை விட்டாலும் விடு," என்றார் குரத்தி. "குடுக்கையில் இருப்பது கடல் தண்ணீர் என்று உனக்கு யார் சொல்வார்?"

"வணிகர்."

"கண்ணந்தையார் அடுத்து என்ன கேட்பார்?"

சாத்தி பல்லைக் கடித்தாள். சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"அவரை மடக்கிவிடுவேன், அம்மை! உங்கள் அப்பா யார் என்று கேட்பேன். இன்னார் என்பார். உங்களுக்கு எப்படித் தெரியும், பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்பேன். அம்மா சொன்னாள் என்பார். ஒரு பெண் சொல்லித்தானே ஐயா உங்கள் குலமும் கோத்திரமும் உங்களுக்கே தெரியும் என்பேன்!"

உள்ளே ஒரு பிள்ளை கிளுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டது. குரத்தியும் சிரித்தார்.

"மன்றமே கைதட்டும்."

"பின்னே!"

"ஜெயித்துவிடுவாய். அவருக்கும் எதுவும் தெரியாது, உனக்கும் எதுவும் தெரியாது என்று ஆகிவிடும். மறுநாள் காலையில் இந்தப் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து என்ன சொல்லித் தருவாய்?"

சாத்தி எழுந்து உள்ளே போய்ப் பிள்ளைகளின் ஓலைகளை அடுக்க ஆரம்பித்தாள்.

அப்புறம் வந்த நாட்களில் அவள் வாதம் தேடுவதை விட்டுவிட்டாள். தேடக் கூடாது என்று இல்லை, முடியவில்லை. பாடம் சொல்லும்போது நடுவில் நின்றுவிடுவாள். காசி கங்கைக் கரையில் இருக்கிறது. யார் சொன்னார்? நிலாவின் வெளிச்சம் அதனுடையது அல்ல. யார் சொன்னார்? நெருப்பு சுடும் என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வந்த அத்தனையும் வேறு யாருடைய வாயிலிருந்தோ வந்ததாக இருந்தது. முதலில் அது வெட்கமாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. பிறகு ஒருநாள், ஒரு சிறுமி அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னபோது, சாத்திக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கோ ஒரு கரையில் ஒருத்தி தண்ணீரை அள்ளி வாயில் வைத்து முகம் சுளித்திருக்கிறாள். அவள் எரிந்து சாம்பலாகி எத்தனை காலமோ. அவள் சுளித்த சுளிப்பு, கண் தெரியாத ஒருவரைக்கூடத் தாண்டி, இந்த மலைக்கு ஏறி வந்து, பால்பல் விழாத இந்தக் குழந்தையின் வாயில் இருக்கிறது.

அதைப் போய்க் கண்ணந்தையாரிடம் வாதமாகச் சொல்ல முடியுமா? சிரிப்பார்.

ஆவணிப் பௌர்ணமி அன்று விடிந்ததும் மேற்கே வானம் கறுத்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. மழைநீர் உள்ளே வராமல் வழிந்துபோகக் குகையின் நெற்றியில் வெட்டியிருந்த காடியிலிருந்து தண்ணீர் திரைபோல் இறங்கியது. கீழே ஊரும் வயலும் ஏரியும் மறைந்துபோயின.

அந்த மழையிலும் கண்ணந்தையார் வந்துவிட்டார். பின்னால் காடன் நம்பி. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பிள்ளைகள் தங்கள் ஓலைகளை மார்போடு அணைத்துக்கொண்டு குகையின் உள்சுவரோரம் ஒண்டினார்கள். மூட்டைகளைக் கட்டி வைத்திருக்கச் சொல்லி ஊரிலிருந்து முந்தின நாளே ஆள் வந்து போயிருந்தான். கட்டியும் வைத்திருந்தார்கள்.

கண்ணந்தையார் படியேறிய களைப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணீர்," என்றார்.

"இவ்வளவு நனைந்துமா தாகம்?" என்றார் நம்பி.

"நனைந்தது சட்டி, தலைவரே. உள்ளே அடுப்பு எரிகிறது."

குரத்தி ஒரு பானையின் வாயில் துணியைக் கட்டி, காடியிலிருந்து விழும் தண்ணீருக்கு நேரே வைத்தார். நிறைந்ததும் எடுத்து வந்து ஊற்றினார். கண்ணந்தையார் இரண்டு கையையும் குவித்து வாங்கிக் குடித்தார். மறுபடி நீட்டினார். மறுபடியும்.

"அமிர்தம்," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

"எங்கிருந்து வந்த தண்ணீர், ஐயா?" என்று கேட்டார் குரத்தி.

"இது என்ன கேள்வி? மழைத் தண்ணீர்."

"மழை?"

"மேகம் கடலில் இறங்கிக் குடிக்கிறது. குடித்ததை இங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. எங்கள் பள்ளியில் பாலர்களுக்கே தெரியும்."

"அப்படியானால் நீங்கள் இப்போது குடித்தது கடல்."

"ஆமாம்."

"உப்பாக இருந்ததா?"

கண்ணந்தையார் மெல்லச் சிரித்தார். அவர் சாமானியர் இல்லை. வாதம் எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அதைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"இல்லை, குரத்தியாரே. உப்பாக இல்லை. நான் சொல்வதும் அதைத்தானே! நான் கடலில் கழுத்தளவு நின்றவன். அந்த உப்பு என் நாக்கில் இருக்கிறது. வாய்க்கு வாய் கைமாறி இவளுக்கு வந்து சேர்ந்ததில் அந்த உப்பு இல்லை. வரும் வழியிலேயே நின்றுவிட்டது. கடல் வந்தது, கடலின் ருசி வரவில்லை. வந்ததா, இல்லையா? நீங்களே சொல்லுங்கள்."

காடன் நம்பி தலையை ஆட்டினார். "சரியாகத்தான் இருக்கிறது," என்றார் தயக்கத்தோடு. "குரத்தியார் பதில் சொல்ல வேண்டும்."

"கேள்வி அவளிடம் கேட்டது," என்றார் குரத்தி. துணியைப் பிழிய உட்கார்ந்துவிட்டார்.

சாத்தி எழுந்து நின்றாள். தொண்டைவரை வந்திருந்த பழைய கோபத்தைத் தேடிப் பார்த்தாள். இருந்தது, ஆனால் சிறியதாக இருந்தது. மழை சற்றுத் தணிந்து, கீழே நிலம் மெல்லத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஏரி நிரம்பித் தளும்பியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நாற்று, பச்சையாக, மூழ்கி மூழ்கி எழுந்தது. அத்தனையும் கடல். அவள் பார்க்காத கடல், பார்க்கவே போகாத கடல், மலை மலையாகத் தாண்டி வந்து, ஊர் முழுவதும் இறங்கி, வேர் வேராகப் போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்தது. இவ்வளவு பெரிதா என்றிருந்தது. இத்தனை நாள் இதற்கு நடுவிலா உட்கார்ந்திருந்தேன் என்றிருந்தது.

"என்ன, பெண்ணே?" என்றார் கண்ணந்தையார். "உப்பு வந்ததா?"

"வரவில்லைதான், ஐயா," என்றாள் சாத்தி. "வந்திருந்தால், கையேந்தி மூன்று தரம் வாங்கிக் குடித்தீர்களே, அதில் ஒரு வாய் உங்கள் தொண்டையில் இறங்கியிருக்குமா?"