திருப்பித் தாண்டாத புள்ளி

வெள்ளந்திக்குளத்துக்காரர்களுக்குப் புத்தி மட்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது. சொன்னால், "எவ்வளவு மட்டு?" என்று கேட்டுக்கொண்டு வீடு தேடி வந்துவிடுவார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஊர் அது. மற்ற ஊர்க்காரர்கள் ஒன்றைச் சொல்லி வேறொன்றை நினைத்துக்கொண்டால் அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

அந்த ஊரில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஆவுடைத்தங்கத்துக்கு ஒரு நாத்தனார். பெயர் தெய்வானை. பிறந்தது வெள்ளந்திக்குளம், வாக்கப்பட்டது ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேலமடையில். கல்யாணமாகிப் பாலத்தைக் கடந்த அன்றே தனக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். மேலமடை ரோலர் டெர்பி அணிக்கு அவள்தான் கேப்டன். காலில் சக்கர ஷூ, தலையில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஒரு வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓடி, எதிரணிப் பெண்களை இடுப்பால் இடித்து ஒதுக்குகிற விளையாட்டு அது. இடித்து ஒதுக்குவது தெய்வானைக்குச் சக்கரம் இல்லாத காலத்திலேயே கைவந்த கலை.

கல்யாண வீடு, காதுகுத்து, சடங்கு, எங்கே நாலு பேர் கூடினாலும் ஆவுடையை வைத்துக்கொண்டே தெய்வானை ஆரம்பித்துவிடுவாள். "எங்க பொறந்த ஊர்ப் பொம்பளையளா? சும்மா நின்னாலே விழுவாளுவ. அவளுவ கால்ல சக்கரத்த வேற மாட்டுனா பந்திக்கு முந்தி ஆஸ்பத்திரிதான்!"

பந்தியே சிரிக்கும். ஆவுடை சாம்பார் வாளியோடு நடுவில் நிற்பாள். ஒரே ஒரு தடவை இவள் வாயை அடைத்துவிட்டால் போதும், அப்புறம் பொங்கலுக்குச் சேலை கூட வேண்டாம் என்று நினைத்துக்கொள்வாள்.

அப்படியிருக்கும்போதுதான் ஆற்றங்கரை ரோலர் டெர்பி லீக் நடத்துகிறவர்கள் பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். 'புதிய அணி தேவை. நன்றாகச் சுற்றத் தெரிந்த பெண்கள் வரலாம்.'

ஆவுடை உடனே நாலு பேரைத் திரட்டினாள். ஆளும் பெரிசு, யோசனையும் நிதானம் என்று முப்பிடாதி. பஞ்சாங்கத்தைக் கரைத்துக் குடித்த சண்முகவடிவு. அப்புறம் இசக்கியும் பிரமுவும், அக்கா தங்கை. இசக்கி பேசுவாள், பிரமு தலையாட்டுவாள்.

ஆடி மாதம் கல்யாணம் இல்லாததால் கல்யாண மண்டபத்தில்தான் லீக் நடந்தது. பயிற்சி கொடுக்கிறவர் ஜெபக்கனி டீச்சர், பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர்.

"சுத்தத் தெரியுமா?" என்றார் டீச்சர்.

"ஒரு நாளைக்கு ஆளுக்கு ஆயிரம் சுத்துவோம் டீச்சர்" என்றாள் ஆவுடை.

டீச்சர் கழுத்தில் கிடந்த விசிலைப் பிடித்துக்கொண்டார். "ஆயிரமா! கால் வலிக்காதா?"

"உக்காந்தே சுத்துததுனால கொஞ்சம் மரத்துப்போவும், அவ்வளவுதான்."

தன் ஆயுளில் இப்படி ஒரு அணி கிடைக்கவில்லை என்று டீச்சர் அன்றைக்கே பெயரைப் பதிந்துவிட்டார். மறுநாள் ஐந்து பேரும் முறமும் பீடி இலையும் தூளும் கத்தரிக்கோலுமாக வந்து மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. ஆனால் பதிந்த பெயரை எடுக்க லீக்கில் வழியில்லை. புது அணி முதல் ஆட்டத்தில் ஒரு புள்ளியாவது எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் லீக்கை விட்டு வெளியே. அது ஒன்றுதான் வழி. முதல் ஆட்டமோ மேலமடையோடு.

"ஒரே ஒரு புள்ளி டீச்சர்" என்றாள் ஆவுடை. "எங்க மைனி தெய்வானை முன்னால ஒரே ஒரு புள்ளி எடுத்துட்டேன்னா, நான் செத்தாலும் சரி."

டீச்சருக்கு மனசு இளகிவிட்டது. அதுதான் அவர் செய்த தப்பு.

முதல் பாடம் விழுவது. "நான் விசிலடிச்சதும் விழணும். கையக் காலப் பரப்பாம, சுருண்டு, சின்னதா விழணும். பெருசா விழுந்தா வாரவ தடுக்கி விழுவா" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் முப்பிடாதி வீட்டில் கூடிப் பேசினார்கள்.

"நான் எப்படிட்டி சின்னதா விழ?" என்று கண் கலங்கினாள் முப்பிடாதி. "இருக்கது இம்புட்டு ஆளு."

"பாதிப் பாதியா விழுங்க யக்கா" என்றாள் வடிவு. "மொதல்ல இடுப்பு வரைக்கும். மீதி அப்புறம்."

"மீதி விழுமுன்ன மொதப் பாதி எந்திரிச்சிட்டா?" என்று கேட்டாள் இசக்கி. பிரமு தலையாட்டினாள்.

எல்லோரும் வெகுநேரம் யோசித்தார்கள். மீதி விழும்வரை முதல் பாதி காத்திருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அன்றிலிருந்து முப்பிடாதி இரண்டு தவணையில் விழுந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு மிச்சத்தை விடுவாள்.

விழுவதில் ஐந்து பேரும் தேறிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசிலடித்தாலும் விழுந்தார்கள். கூர்க்கா விசிலடித்தால் பாயில் படுத்திருந்தவர்கள் எழுந்து நின்று விழுந்தார்கள்.

அடுத்த பாடம் இடிப்பது. "யார் மேலயும் எதுலயும் கை வைக்கக் கூடாது" என்றார் டீச்சர். அந்த வாரம் வெள்ளந்திக்குளத்தில் பீடி உற்பத்தி படுத்துவிட்டது. ஆவுடைக்கு அவள் புருஷன்தான் சோறு ஊட்டினார். "அக்காவத் தோக்கடிக்கப் போறவளுக்கு நானே ஊட்டுதேன் பாரு" என்று புலம்பிக்கொண்டே ரசம் சோற்றைப் பிசைந்தார்.

அதற்கடுத்தது சுற்றுவது. எல்லோரும் இடது பக்கமாகச் சுற்ற வேண்டும் என்று டீச்சர் சொன்னதும் வடிவு ஷூவைக் கழற்றிவிட்டாள்.

"இடமாச் சுத்துதது விளங்காது டீச்சர். எதச் சுத்தினாலும் நடுவுல இருக்கது நம்ம வலக்கைப் பக்கம்தான் இருக்கணும்."

"நடுவுல சாமியா இருக்கு? நடுவர் சாமுவேல் சார்லா நிக்காரு!"

"அவருக்கும் நல்லது நடக்கணும்லா" என்றாள் முப்பிடாதி.

அரைமணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஆவுடைக்கு மூளை வேலை செய்தது. டீச்சர் சொன்ன பக்கமாகவே போவது, ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாகப் போவது. அப்போது சாமுவேல் சார் வலக்கைப் பக்கம் வந்துவிடுவார். செய்து பார்த்தார்கள், சரியாக இருந்தது. டீச்சர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"புள்ளி எடுக்கதாவது ஒழுங்கா கேளுங்கம்மா. டீம்ல ஒருத்திக்குத்தான் ஹெல்மெட்ல நட்சத்திரம். அவ சுத்தி வந்து எதிர் டீம் ஆளத் தாண்டணும். ஒரு ஆளத் தாண்டுனா ஒரு புள்ளி. சரி, உங்கள்ல யாருக்கு நட்சத்திரம்?"

"எனக்குக் கேட்டை" என்றாள் வடிவு. "முப்பிடாதியக்காளுக்கு மூலம். மூலம் மாமனாருக்கு ஆகாது. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. நாம மோதப் போறது நாத்தனாரோட. நாத்தனாருக்கு ஆகாத நட்சத்திரம் எது டீச்சர்?"

டீச்சருக்குத் தெரியவில்லை. பஞ்சாங்கத்திலும் இல்லை. நாத்தனாருக்கு ஆகாதவளாக ஆவுடை இருக்கும்போது நட்சத்திரத்தை ஏன் தேட வேண்டும் என்று இசக்கி கேட்க, ஆவுடைக்கே நட்சத்திரம் என்று முடிவானது.

தாண்டிப் பழக ஆவுடை வீட்டில் ஆட்டுரல் இருந்தது, தலையணை இருந்தது, தூங்குகிற புருஷனும் இருந்தார். படுத்திருப்பவரைத் தாண்டினால் அவர் வளரமாட்டார் என்பதால், தாண்டிய கையோடு திருப்பியும் தாண்டிவிடுவாள். நாற்பது வயதுக்கு மேல் அவர் எதற்கு வளர வேண்டும் என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை.

ஆட்டத்தன்று மண்டபம் நிறைந்துவிட்டது. தெய்வானை சொந்தக்காரர்களை எல்லாம் முன்வரிசையில் உட்கார்த்தியிருந்தாள். "சோடா வாங்கி வச்சுக்கிடுங்க. மயக்கம் தெளிவிக்க வேணும்" என்றாள்.

சாமுவேல் சார் விசிலடித்தார். வெள்ளந்திக்குளம் அணி மொத்தமும் அழகாக, சின்னதாக விழுந்தது. முப்பிடாதி மட்டும் இரண்டு தவணை.

மேலமடைக்காரிகளுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. சுற்றுக்கு ஒருத்தியாக நட்சத்திர ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, தரையில் கிடந்தவர்களைக் குதித்துக் குதித்துத் தாண்டினார்கள். அடுத்த சுற்றுக்கும் விசில், அடுத்த சுற்றுக்கும் விழுகை. கரும்பலகையில் மேலமடைக்கு நாற்பது புள்ளி ஏறிவிட்டது. வெள்ளந்திக்குளத்துக்கு ஒரு முட்டை.

கடைசிச் சுற்றுக்கு முன்னால் டீச்சர் ஆவுடையின் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏம்மா, நீ மட்டும் விசிலுக்கு விழாத. சுத்து! உன் மைனியத் தாண்டு! இந்த ஒரு சுத்துதான் பாக்கி!"

அப்படி யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆவுடைக்கு அழுகையே வந்துவிட்டது.

விசில் அடித்தது. மற்ற நாலு பேரிடம் டீச்சர் ஒன்றும் சொல்லாததால் அவர்கள் விழுந்தார்கள். ஆவுடை முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பினாள். ஹெல்மெட்டுக்குப் பின்னால் பின்னல் ஆட, ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். மேலமடைக்காரிகள் குழம்பிப்போனார்கள்.

"ஏட்டி, இவ வாராளா போறாளா?" என்று கத்தினாள் தெய்வானை. போகிறாள் என்று நினைத்து ஆவுடைக்குப் பின்னால் அவள் நகர்ந்த நேரம் பார்த்து, முப்பிடாதியின் இரண்டாவது தவணை விழுந்தது. அதில் தடுக்கித் தெய்வானை கையும் காலும் நாலு திசைக்குப் பரப்பி, பெரிதாக விழுந்தாள்.

"தாண்டு ஆவுடை, தாண்டு!" என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினார்.

ஆவுடை கண்ணை மூடினாள், புருஷனை நினைத்துக்கொண்டாள், தாண்டினாள். அடுத்த நொடி ஆட்டம் முடிந்த விசில். கரும்பலகையில் வெள்ளந்திக்குளத்துக்கு ஒன்று.

டீச்சர் ஓடிவந்து ஆவுடையைக் கட்டிக்கொண்டார். ஆனால் தெய்வானை எழுந்திருக்கவில்லை.

"அடிபட்டிருக்காம்மா?" என்று கேட்டார் சாமுவேல் சார்.

"அடியெல்லாம் இல்ல. என்னத் தாண்டிட்டா. திருப்பித் தாண்டச் சொல்லுங்க, எந்திரிக்கேன். இல்லன்னா நான் வளரமாட்டேன்." ஆற்றைக் கடந்து எத்தனை வருஷமானால் என்ன, பிறந்தது வெள்ளந்திக்குளமல்லவா.

ஆவுடை பழக்கதோஷத்தில் காலைத் தூக்கிவிட்டாள். சாமுவேல் சாருக்கு வீட்டுக்குப் போக நேரமாகியிருந்தது. எரிச்சலில், "திருப்பித் தாண்டுனா எடுத்த புள்ளியும் திரும்பப் போயிரும், பாத்துக்க!" என்றார்.

தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.

"போவட்டும்! அதான் நியாயம்!" என்றாள் தெய்வானை தரையிலிருந்து. "தாண்டுனவ திருப்பித் தாண்டணும், புள்ளியக் கழிக்கணும். யாரா இருந்தாலும்!"

யாரும் எழச் சொல்லாததால் நாலு பேரும் இன்னும் தரையில்தான் கிடந்தார்கள். அங்கிருந்து முப்பிடாதி நிதானமாகக் கேட்டாள். "அப்போ எங்களத் தாண்டுனது? நானும் வளரணும்லா?"

தெய்வானை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறந்த ஊரின் நியாயத்தை மீற அவளால் முடியவில்லை. "சரிதான். ஏட்டி, எல்லாவளும் தாண்டுனதத் திருப்பித் தாண்டுங்கட்டி!"

கேப்டன் சொன்னால் கேட்க வேண்டும் என்பது லீக்கின் சட்டம். ஆவுடையும் நாலு பேரோடு படுத்துக்கொள்ள, மேலமடைக்காரிகள் வரிசையில் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பித் தாண்டினார்கள். சொன்ன சொல்லைச் சாமுவேல் சாராலும் மாற்ற முடியவில்லை. ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு புள்ளியை அழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் கரும்பலகையில் மேலமடைக்குச் சுழி, வெள்ளந்திக்குளத்துக்கு ஒன்று என்று நின்றது.

"இப்ப நீ வா" என்றாள் தெய்வானை.

ஐந்து பேரும் தரையிலேயே தலையோடு தலை முட்டிக்கொண்டு ஆலோசித்தார்கள்.

"தாண்டுனா புள்ளி போயிரும். புள்ளி போனா லீக் போயிரும்" என்றாள் வடிவு.

"தாண்டலன்னா மைனி வளரமாட்டாவ" என்றாள் இசக்கி.

"இதுக்கு மேல வளர்ந்தா நம்ம ஊருக்குத்தான் கஷ்டம்" என்றாள் முப்பிடாதி. பிரமு தலையாட்டினாள்.

வெள்ளந்திக்குளம் வென்றது. தெய்வானையை அப்படியே படுத்த வாக்கில் தூக்கி வேனில் ஏற்றி மேலமடைக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போதெல்லாம் கல்யாண வீடுகளில் தெய்வானை யாரையும் கேலி பேசுவதில்லை. பேச நேரம் இல்லை. ஆவுடை வருகிறாள் என்று தெரிந்ததும் பட்டுச்சேலையோடு ஓடிப்போய் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்கிறாள். ஆவுடை மரியாதை தெரிந்தவள். "நல்லா இருக்கியளா மைனி?" என்று குனிந்து விசாரித்துவிட்டு, தாண்டாமல், முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, தெய்வானை தன் வலக்கைப் பக்கம் வருகிற மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு பந்திக்குப் போகிறாள்.